ஆதன் கல்

“ஊருக்கு வந்தவர் என் வீட்டுக்கு வரல. இந்த வீட்டுல வந்து உக்காந்திருக்கீங்க. இது நியாயமா, ஐயா?”

எயினன் வாசலில் நின்று கேட்டான்.

நிலைப்படி தாழ்வானது. அவன் உயரத்துக்குக் குனிந்தால்தான் உள்ளே போகலாம். அவன் குனியவில்லை.

உள்ளே ஆதன் சம்மணமிட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய குதிகாலில் ஈரத்துணி சுற்றியிருந்தது.

“உள்ள வா” என்றார்.

“நீங்க வெளியே வாங்க. பேசணும்.”

“குடிச்சிட்டு வரேன்.”

வெண்துறையின் காவலன் ஒரு மருத்துவச்சியின் வாசலில் காத்து நின்றான். தெரு முழுக்க அதைப் பார்த்தது.

எயினனைத் தெரியாதவர்கள் அந்த ஆற்றோரத்தில் கிடையாது. அவன் மூச்சை இழுத்து வலக்கையில் இறக்கினால் கருங்கல் பிளக்கும். வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன பரிசலை, ஆட்களோடு, ஒற்றைக் கையால் கரைக்கு இழுத்தவன். மதம் பிடித்த யானையின் நெற்றியில் உள்ளங்கையை வைத்து நிறுத்தியவன். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து கொள்ளையடித்துக்கொண்டிருந்த கூட்டம், அவன் தலையெடுத்த பிறகு அந்தத் திசைக்கே வருவதில்லை.

அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவர் ஆதன். மலை மேல் ஒரு பாறைக் குடிலில் இருவரும் வெகுகாலம் ஒன்றாக இருந்தார்கள். பிறகு பிரிந்தார்கள். ஏன் என்று ஊருக்குத் தெரியாது. ஆதன் எப்படி இருப்பார் என்பதுகூட ஊருக்கு மறந்துவிட்டது.

அவர் பெயர் மட்டும் மறக்கவில்லை. சந்தை நடுவில் கிடந்த கருங்கல்லுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். ஆதன் கல்.

திருடியவர்கள் அதன் மேல் வலக்கையை வைக்க வேண்டும். எயினன் ஒரே ஒரு முறை குத்துவான். அவ்வளவுதான். வெண்துறையில் சிறை இல்லை, வீடுகளுக்குத் தாழ்ப்பாளும் இல்லை.

இப்போது கல்லுக்குப் போக வேண்டியவள் நாச்சி. பிரசவம் பார்க்கப் போன வீட்டில் ஒரு தங்கச் சங்கிலியை எடுத்துவிட்டாள்.

ஆதன் வந்து உட்கார்ந்திருந்தது அவள் வீட்டில்.

அவர் தேடிக்கொண்டு வரவில்லை. பரிசல் துறையில் இறங்கும்போது கிளிஞ்சல் குதிகாலைக் கிழித்துவிட்டது. துணி அலசிக்கொண்டிருந்த நாச்சி ரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துவந்தாள். காயத்தைக் கழுவிக்கொண்டே பெயர் கேட்டாள். சொன்னார்.

“ஐயோ பாவமே, அந்தக் கல்லு பேரையா உங்களுக்கு வெச்சாங்க?” என்றாள்.

கஞ்சி குடித்து முடித்து, கலயத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஆதன் வெளியே வந்தார். ஆற்றங்கரைப் பக்கம் நொண்டிக்கொண்டே நடந்தார். எயினன் இரண்டடி பின்னால் நடந்தான். யாரும் அவனை அப்படி நடக்கச் சொல்லவில்லை. கால் அதுவாகவே பின்தங்கியது.

புளியமரத்தடியில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தோளில் துண்டைக் கட்டிக்கொண்டு திண்டிலிருந்து குதித்து, “நான்தான் எயினன்!” என்று கத்தினாள். இன்னொருவன் திருடன். மூன்றாவது பிள்ளை முழங்காலையும் கையையும் ஊன்றி அசையாமல் குனிந்திருந்தது.

ஆதன் நின்றார்.

“இது யாரு, குதிரையா?”

“இல்ல தாத்தா, இவன் ஆதன்” என்றாள் துண்டு கட்டியவள். “இவன் மேலதான் கைய வைக்கணும்.”

“இவன் என்ன பண்ணுவான்?”

“ஒண்ணும் பண்ண மாட்டான். சும்மாதான் கெடப்பான்.”

எயினன் பிள்ளைகளைப் போகச் சொன்னான். அவர்கள் ஓடினார்கள். குனிந்திருந்த பிள்ளை கடைசியாக எழுந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு ஓடியது.

ஆற்றங்கரையில் யாருமில்லை. ஆதன் மணலில் உட்கார்ந்தார். எயினன் நின்றான்.

“என் பேரை எடுத்துடு” என்றார்.

“அது ஊர் வெச்ச பேரு.”

“நீ சொல்லாமயா வெச்சாங்க?”



“இதைக் கேட்கத்தான் வந்தீங்களா? இத்தனை வருஷம் கழிச்சு?”

“ஆமா.”

“என்னைப் பாக்க வரல.”

“உன்னைப் பாக்கற தைரியம் எனக்கு இல்ல. இதைக் கேக்கற தைரியம் வந்துச்சு. வந்துட்டேன்.”

“அப்படி என்ன ஆச்சு?”

ஆதன் மணலைக் கையால் நிரவினார்.

“தெக்கே ஒரு சத்திரத்துல தங்கியிருந்தேன். பக்கத்து இலையில ஒருத்தன் உக்காந்தான். வலக்கை விரல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடந்துச்சு. இடக்கையால அள்ளத் தெரியல. பாதி சோறு மடியில விழுந்துச்சு. நான் பெசஞ்சு உருட்டிக் கொடுத்தேன். வாங்கி வாங்கிச் சாப்பிட்டான். நல்ல பசி.”

“ம்.”

“வெண்துறையில ஒரு ஆட்டைத் திருடினேன்னு அவனே சொன்னான். மறைக்கல. அப்புறம், பெத்த தாய் மாதிரி ஊட்டி விடுறீங்களே, உங்க பேரைச் சொல்லுங்க, என் புள்ளைக்கு வெக்கிறேன்னு கேட்டான்.”

எயினன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சொன்னேன்” என்றார் ஆதன். “வாயில இருந்த சோத்தைத் துப்பிட்டான். நீயா அந்த ஆதன்னு கேக்கல. எந்த ஊரு ஆதன்னும் கேக்கல. பேருக்கே துப்பினான். எழுந்து தூணுக்கு அந்தப் பக்கம் போய் உக்காந்துகிட்டான். பசியோடதான் போனான்.”

“அவன் திருடன், ஐயா.”

“ஆமா, திருடன். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.”

ஆதன் குதிகாலில் தளர்ந்திருந்த துணியை இறுக்கிக் கட்டினார்.

“ஒண்ணு கேக்கறேன்” என்றார் ஆதன். “மரியாதையிலயா என் பேரை வெச்சே? கோவத்துலயா?”

“மரியாதைன்னுதான் நெனச்சுக்கிட்டேன்.”

“இப்ப?”

“இப்ப நீங்களா கேக்கறீங்க. அதனால நானும் கேக்கறேன்.” எயினனின் குரல் தடித்தது. “எங்க அக்கா பேரு ஞாபகம் இருக்கா?”

“வெள்ளச்சி.”

“கொள்ளைக் கூட்டம் அவளைத் தூக்கிட்டுப் போன அன்னைக்கு, ஊர் எரியற புகை நம்ம பாறையிலேர்ந்து தெரிஞ்சுது. எறங்கறேன்னு சொன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?”

“இருன்னு சொன்னேன்.”

“ஏன்?”

“உன் கை இன்னும் பழகல. கோவத்தோட போனா எல்லாத்தையும் அடிக்கும்னு சொன்னேன்.”

“நான் இருந்தேன். நீங்க சொன்ன ஒரே வார்த்தைக்காக இருந்தேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு மூச்சை எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தேன். விடிஞ்சு எறங்கினப்ப அக்கா கெணத்துல கெடந்தா.”

ஆதன் தலையை ஆட்டினார்.

“என் கைதான் பழகல. உங்க கை பழகின கைதானே? நீங்க எறங்கியிருக்கலாமே?”

“எறங்கியிருக்கலாம்.”

“ஏன் எறங்கல?”

“யாரையும் அடிக்கிறதில்லைன்னு ஒரு நோன்பு வெச்சிருந்தேன்” என்றார் ஆதன். “அதைக் காப்பாத்தினேன்.”

எயினன் சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறு என்னவோ ஆகி, நின்றது.

“உங்க நோன்பு பொழச்சுது. எங்க அக்கா பொழைக்கல.”

“ஆமா.”

“ஆமான்னா?”

“ஆமான்னா ஆமாதான். அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல, எயினா. இருந்திருந்தா எப்பவோ கொண்டுவந்து கொடுத்திருப்பேன்.”

“ஆனா, நான் அந்தக் கூட்டத்துல ஒருத்தனைப் புடிச்சு மொத மொதல்ல கையை நசுக்கினேனே, அப்ப மட்டும் மலையை விட்டு எறங்கி ஓடி வந்தீங்க. போதும்னு சொன்னீங்க. அக்காவுக்காக எறங்காத காலு, அவனுக்காக எறங்குச்சு.”

ஆதன் மணலிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அன்னைக்குத்தான் உங்களை என் கண்ணுல படாதீங்கன்னு சொன்னேன். நீங்களும் சரின்னு போயிட்டீங்க. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். போயிட்டீங்க. அப்புறம் கல்லைக் கொண்டுவந்து போட்டப்ப, இதுக்கு என்ன பேருன்னு ஊர் கேட்டுச்சு. என் வாயில உங்க பேருதான் வந்துச்சு.” அவன் தன் வலக்கையைப் பார்த்தான். “உங்க பேராலயாவது ஒரு தடவை நீங்களும் அடிங்கன்னு தோணியிருக்கும்.”

அக்கரையில் யாரோ பரிசலுக்குக் குரல் கொடுத்தார்கள்.

“அந்தப் பொம்பளையை விட்டுடு” என்றார் ஆதன்.

“என் பிள்ளைங்க எல்லாத்தையும் அவதான் கையில வாங்கினா. கடைசிப் பிரசவத்துல என் பொண்டாட்டி உயிரையே அவதான் திருப்பிக் கொடுத்தா. சொல்லுங்க, எனக்கு மட்டும் ஆசையா?”

“அப்ப விடு.”

“இவளை விட்டா, ஆட்டைத் திருடினானே அவன் கையை யாரு திருப்பிக் கொடுக்கறது?”

ஆதன் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அவனிடம் அவர் அப்படி ஒரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை.

“காலைல சந்தையில நடக்கும்” என்றான் எயினன். “வரணும்னா வாங்க. உங்க பேரு போட்ட எடம்தான்.”

அவன் போய்விட்டான். இம்முறை அவன் கால் பின்தங்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆதன் நாச்சியின் வீட்டுக்குத் திரும்பினார்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பூசணிக்காய். அதன் மேல் துணி. இடக்கையால் துணிக்கு மேலாகவே அதை மெல்லத் திருப்புவதும், நழுவினால் மறுபடி பிடித்துத் திருப்புவதுமாக இருந்தாள்.

“அந்தக் கல்லு நீங்கதானாமே” என்றாள், தலை நிமிராமல். “தெருவெல்லாம் பேச்சு.”

“ஆமா.”

“தெரிஞ்சிருந்தா உங்க கால்ல இன்னும் கொஞ்சம் அழுத்திக் கட்டியிருப்பேன்.”

அவர் எதிரே உட்கார்ந்தார்.

“நெசமாவே எடுத்தியா?”

“எடுத்தேன். உறுத்துதுன்னு கொழந்தையோட அம்மா கழட்டி மணையில வெச்சா. ஒருதரம் போட்டுப் பாக்கலாம்னு போட்டேன். கண்ணாடி இல்ல. எண்ணெய்க் கிண்ணத்துல குனிஞ்சு பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. கழட்ட மனசு வரல. முந்தானையால மூடிக்கிட்டு வந்துட்டேன்.”

“திருப்பிக் கொடுக்கலையா?”

“வீட்டுக்கு வந்ததும் வெக்கமாப் போச்சு. திரும்பிப் போய்க் கொடுத்துட்டேன். அதுக்குள்ள அவங்க எயினன்கிட்ட சொல்லிட்டாங்க. கொடுத்துட்டா எடுக்கலைன்னு ஆயிடுமா? அவன் கேட்டான். எடுத்தேன்னு சொல்லிட்டேன்.”

“ஆத்தைத் தாண்டிடலாம். நான் கூட்டிட்டுப் போறேன்.”

“கீழத்தெரு மயிலிக்கு இன்னைக்கோ நாளைக்கோ வலி எடுக்கும். பிள்ளை குறுக்கால கெடக்கு. அதைத் திருப்பிவிடணும். நான் ஆத்தைத் தாண்டிப் போய் என்ன பண்ண?”

“காலைல கை போயிடுமே.”

“அதான் இடக்கையைப் பழக்கறேன்” என்றாள் நாச்சி. “கேக்க மாட்டேங்குது.”

பூசணிக்காய் மடியிலிருந்து நழுவி உருண்டது.

ஆதன் அதை எட்டி எடுத்தார். அவள் மடியில் வைக்கவில்லை. அடுப்போரமாகக் கொண்டுபோய் வைத்தார்.

“போதும், போய்ப் படு” என்றார்.

மறுநாள் காலை சந்தையில் கடை எதுவும் விரிக்கவில்லை. ஊர் முழுக்கக் கல்லைச் சுற்றி நின்றது. நாச்சியின் கையில் பிறந்தவர்களே பாதிப்பேர் இருப்பார்கள். அவள் நடந்து வந்தபோது யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. யாரும் கலைந்து போகவும் இல்லை.

அங்கே ஒரு முறை இருந்தது. கல்லில் கை வைத்தவர்களை முதலில் எயினன் கேட்பான், என்ன செஞ்சே என்று. கையை ஓங்கிக்கொண்டுதான் கேட்பான். அவர்கள் தங்கள் வாயாலேயே, ஊர் காதில் விழும்படி, செய்ததைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் கை இறங்கும்.

நாச்சி கல்லை நெருங்கும்போது கூட்டத்திலிருந்து ஒருவர் நொண்டிக்கொண்டு வந்தார். அவளுக்கு முன்னால் போய், மண்டியிட்டு, தன் வலக்கையை விரித்துக் கல்லின் மேல் வைத்தார்.

“யாருய்யா அது?” என்றது ஒரு குரல்.

“ஆதன்” என்றார் அவர்.

கூட்டம் அடங்கியது. எங்கோ ஒருவர் சிரித்துவிட்டு உடனே நிறுத்தினார். ஒரு பெண் தன் பிள்ளையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“எழுந்திருங்க” என்றாள் நாச்சி. “இது எனக்கு வெச்சது.”

“நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா.”

எயினன் கிட்டே வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“ஐயா, கையை எடுங்க. அவளுக்குப் பதிலா உங்க கை செல்லாது.”

“அவளுக்குப் பதிலா வைக்கல. அவ பண்ணினதை அவ சொல்லுவா. இது என்னோடது.”

“நீங்க இந்த ஊர்ல எதையும் எடுக்கல.”

“கேக்காம எப்படித் தெரியும்? எல்லார்கிட்டயும் கேப்பியாமே. கேளு.”

“வேணாம், ஐயா.” இப்போது அந்தக் குரல் மலை மேல் இருந்த பழைய எயினனுடையது. “எல்லார் முன்னாலயும் இது வேணாம். பேரை எடுத்துடறேன். இன்னைக்கே எடுத்துடறேன்.”

“பேரு இருக்கட்டும். சரியான பேருதான்” என்றார் ஆதன். “நேத்து எனக்குத் தெரியல.”

கூட்டத்தில் ஒருவன் முன்னால் வந்தான். சந்தையில் உப்பு விற்பவன். அவனுடைய தம்பி கையும் இந்தக் கல்லில்தான் போனது.

“கேளுங்க தலைவரே” என்றான். “என் தம்பிகிட்ட இதே எடத்துலதான் கேட்டீங்க. நாங்க வேணாம்னு சொன்னப்ப, எல்லாருக்கும் ஒரே முறைன்னு சொன்னீங்க.”

“ஆமா, கேட்கட்டும்” என்றது இன்னொரு குரல். பிறகு பல குரல்கள்.

எயினன் ஊரைப் பார்த்தான். தான் காப்பாற்றிய முகங்கள் எல்லாம் இருந்தன. பரிசலில் இருந்தவர்கள், யானைக்கு முன்னால் விழுந்து கிடந்தவர், கொள்ளைக்காரர்களிடமிருந்து அவன் மீட்டுக்கொண்டு வந்த பெண்கள். எல்லோரும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் கையை ஓங்கினான்.

மூச்சு இறங்கியது. தோளிலிருந்து விரல் வரைக்கும் நரம்புகள் புடைத்தன. ஆதன் அண்ணாந்து பார்த்தார். எல்லாம் அவர் கற்றுக்கொடுத்தபடியே இருந்தது. ஒரு பிசகு இல்லை.

“என்ன செஞ்சீங்க?” என்று கேட்டான் எயினன்.

“உன்னைச் செஞ்சேன்” என்றார்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. கூட்டம் அது இறங்கக் காத்திருந்தது.